மறு: மரபணு–சூழல் ‘இன்டராக்ஷன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

போன வாரம் நான் கேட்டதற்கு இத்தனை பேர் மெனக்கெட்டுப் பதில் எழுதியிருக்கிறீர்கள். எல்லாருக்கும் நன்றி. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: புற்றுநோய் எப்படி வருகிறது என்று விளக்கும் கையேடு ஒன்றை நாங்கள் மூன்று பேர் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் ஓர் அத்தியாயம் முழுக்க ‘ஜீன்–என்விரான்மென்ட் இன்டராக்ஷன்’ பற்றியது, அதாவது ஒருவருடைய மரபணுவும் அவர் வாழும் சூழலும் சேர்ந்து நோயின் இடரை எப்படி மாற்றுகின்றன என்பது. அதற்குச் சொல் கிடைக்காமல் அந்த அத்தியாயம் மட்டும் நிற்கிறது. வந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

> ‘கூட்டுவினை’ என்று போடுங்கள். எளிமை, படித்தவுடன் புரியும்.

முதல் வரைவில் நானே அப்படித்தான் போட்டிருந்தேன். அதை என் சித்தப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்குச் சில வருடங்களுக்கு முன் சிறுநீர்ப்பையில் புற்று வந்து, அறுவை முடிந்து, இப்போது நன்றாக இருக்கிறார். முப்பது வருடம் பீடி குடித்தவர். திண்ணையில் சாய்ந்து கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். ‘மரபணுவும் சூழலும் கூட்டுவினை புரிந்து புற்றுநோயை உண்டாக்குகின்றன’ என்ற வரி வந்ததும் கண்ணைத் திறந்தார். “அப்ப பாதி எங்கப்பன் குடுத்தது, பாதி பீடி குடுத்தது. அப்படித்தானே?” என்றார்.

அவர் தப்பாகக் கேட்கவில்லை, நான்தான் தப்பாக எழுதியிருந்தேன். ‘கூட்டு’ என்றால் தமிழ்க் காதுக்குக் கூட்டல்தான் கேட்கும். கூட்டுப் பட்டா என்றால் ஆளுக்கு ஒரு பங்கு. இது பங்கு பிரிக்கிற விஷயமே இல்லை.

சித்தியின் வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பு டப்பி இருந்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து மஞ்சள்தூளைக் கரைத்து, அதில் விரல்நுனி அளவு சுண்ணாம்பைக் குழைத்தேன். ஆரத்தித் தண்ணீர் நமக்குத் தெரியாததா? மஞ்சளும் வெள்ளையும் சேர்ந்து ரத்தச் சிவப்பாக வந்தது. “இந்தச் சிவப்புல மஞ்சள் எவ்வளவு, சுண்ணாம்பு எவ்வளவு சித்தப்பா?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கிண்ணத்தையே பார்த்துவிட்டு, “எதை எடுத்தாலும் சிவப்பு போயிரும்” என்றார். அத்தியாயத்தின் பொருளை அவர் நாலே வார்த்தையில் சொல்லிவிட்டார். நமக்கு வேண்டிய கலைச்சொல் இந்தக் கிண்ணத்துக்குப் பொருந்த வேண்டும் என்பதுதான் என் கட்சி.

உவமை ஓர் இடத்தில் பொய்க்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகை மட்டுமே போதும், சிறுநீர்ப்பையில் புற்று வர. மரபணு எந்த வகையாக இருந்தாலும் புகைப்பவருக்கு இடர் கூடுகிறது. எவ்வளவு கூடுகிறது என்பதைத்தான் மரபணு வகை மாற்றுகிறது.

சித்தப்பாவின் நோயை ஒட்டியே உதாரணத்தையும் எடுத்தேன். புகையிலைப் புகையிலும் பழைய சாயப்பட்டறைகளிலும் நறுமண அமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டு. (பெயரில்தான் நறுமணம்.) சாய ஆலைத் தொழிலாளருக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வருவதை 1895இலேயே ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் எடுத்துச் சொன்னார். ஆனால் ஒரே பட்டறையில் ஒரே தொட்டியருகே நின்றவர்களில் சிலருக்கு வந்தது, சிலருக்கு வரவில்லை. ஏன்?

நம் கல்லீரலில் என்.ஏ.டி.2 என்ற மரபணு தரும் நொதி ஒன்று இந்த அமீன்கள் மீது அசெட்டைல் என்ற சிறு துண்டை ஏற்றி, நச்சை முறித்து அனுப்புகிறது. சிலருக்கு இந்த நொதி வேகமாக வேலை செய்யும், சிலருக்கு மெதுவாக. மந்த வகையினரிடம் முறிபடாத அமீன் வேறு வழியில் மாறி சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேருகிறது. இங்கிலாந்தில் 1982இல் வெளியான ஆய்வொன்றில், சாயத்தொழிலில் இருந்து சிறுநீர்ப்பைப் புற்று வந்த 23 பேரில் 22 பேர் மந்த வகை. பின்னர் ஸ்பெயினில் பெரிய அளவில் நடந்த ஆய்வு 2005இல் வந்தது. அதில் மந்த வகையால் கூடுகிற இடர் புகைப்பவர்களிடம்தான் தெரிந்தது. புகைக்காதவர்களிடம் மந்த வகையாக இருப்பதால் மட்டும் இடர் கூடியதாகத் தெரியவில்லை.

இதே மரபணு வகையை நம் ஊரில் வேறொரு காரணத்துக்காக அலசியிருக்கிறார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் ஐசோனியாசிட் மருந்தை உடல் எவ்வளவு வேகமாகச் செயலிழக்க வைக்கிறது என்று நோயாளிகளை வகை பிரித்துப் பார்த்தது. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்தால் வேக வகையினருக்குப் பலன் குறைவு என்று கண்டது. அங்கே வேகமாக இருப்பது பாதகம், சாயப்பட்டறையில் மெதுவாக இருப்பது பாதகம். அந்த ஐசோனியாசிட்டை முறிப்பதும் இதே நொதிதான். ஆகவே ‘கெட்ட மரபணு’ என்ற பேச்சை எங்கள் கையேட்டில் எங்குமே விடப்போவதில்லை. நம்மில் பாதிக்கு மேற்பட்டோர் மந்த வகைதான். அது குறையும் இல்லை, நோயும் இல்லை.

இன்னும் ஒன்று சொன்னால்தான் இது எவ்வளவு நுட்பமானது என்று தெரியும். சாயத்தொழிலில் பென்சிடின் என்றொரு அமீன் உண்டு. சீனாவில் அதைக் கையாண்ட தொழிலாளர்களைப் பார்த்தபோது மந்த வகையினருக்கு இடர் கூடவில்லை. அந்தப் பொருளில் அசெட்டைல் ஏற்றம் நச்சை முறிப்பதற்குப் பதில் அதைத் தூண்டிவிடும் வழியிலும் சேருகிறது. ஒரே மரபணு, ஒரே தொழில், ஒரே உறுப்பு. தொட்டியில் இருக்கும் பொருள் மாறினால் கதையே மாறுகிறது.

> அக்கா, ‘மரபுச்சூழ்வினை’ எப்படி? ஒரே சொல்லாக அமைகிறது, ஓசையும் நன்றாக இருக்கிறது.

தம்பி, ஓசைதான் பயமாக இருக்கிறது. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பக்கத்திலேயே ‘ஊழ்வினை’ கேட்கும். புற்றுநோய் வார்டில் உட்கார்ந்திருப்பவரிடம் “எல்லாம் விதி” என்று சொல்ல ஏற்கெனவே நாலு பேர் இருக்கிறார்கள். கையேடும் அதையே சொல்வதுபோல் ஆகிவிடக் கூடாது. போதாததற்குச் ‘சூழ்’ என்றால் சூழ்ச்சி நினைவும் வரும். சொல்லை அழகாகக் கட்டியிருக்கிறீர்கள், ஆனால் இந்த இடத்தில் வேண்டாம்.

> ‘இடைவினை’ இயற்பியலில் பல காலமாகப் புழங்கும் சொல். புதிதாக எதற்கு?

ஐயா, உங்கள் பேச்சைத் தட்ட எனக்கு மனமில்லை. இருக்கிற சொல்லை விட்டுப் புதிதாகக் கட்டக் கூடாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். ஆனால் எங்கள் பாடநூல்களில் ‘வினை’ என்றால் வேதிவினை. ‘மரபணு–சூழல் இடைவினை’ என்று படிக்கும் பிள்ளை, புகை போய் மரபணுவை முட்டி அங்கே ஏதோ பொங்குகிறது என்று நினைக்கும். மேலே சொன்ன கதையில் புகையும் அந்த மரபணுவும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. மரபணு ஒரு நொதியைத் தருகிறது. நொதி அமீனை முறிக்கிறது அல்லது முறிக்காமல் விடுகிறது. அவ்வளவுதான். ஆய்வாளர்கள் ‘இன்டராக்ஷன்’ என்று சொல்வது பெரும்பாலும் ஒரு கணக்கு முடிவை: ஒன்றின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுகிறதா, இல்லையா.

அந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதற்கு மரபணு உதாரணத்தைவிட அமெரிக்கக் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) தொழிலாளர்களின் எண்கள் தெளிவு. 1979இல் வெளியானவை. கல்நாரும் இல்லை, புகையும் இல்லை என்பவரின் நுரையீரல் புற்று இடரை 1 என்று வைத்தால், கல்நார் மட்டும் என்றால் 5, புகை மட்டும் என்றால் 11, இரண்டும் என்றால் 53. கூட்டல் கணக்கில் பார்த்தால் அடிப்படை 1, கல்நாரால் கூடிய 4, புகையால் கூடிய 10, ஆக 15தான் வந்திருக்க வேண்டும். வந்தது 53. அப்படியானால் ‘இன்டராக்ஷன்’ பலமாக இருக்கிறது. பெருக்கல் கணக்கில் பார்த்தால் ஐந்து பதினொன்று 55. வந்தது 53. அப்படியானால் அப்படி எதுவுமே இல்லை! இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, அளவுகோல்தான் வேறு. எத்தனை பேரைக் காப்பாற்றலாம் என்று பார்ப்பவருக்குக் கூட்டல் கணக்கே உதவும். நாம் கட்டும் சொல் இந்த இரண்டுக்கும் பொதுவாக நிற்க வேண்டும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்து, இப்போதைக்கு என் ஓட்டு ‘இடைத்தாக்கம்’. இலங்கைப் பாடநூல்களில் இருக்கிற சொல். தமிழ்நாட்டில் ‘தாக்கம்’ என்றால் ஒன்று இன்னொன்றில் ஏற்படுத்தும் பாதிப்பு. நமக்கு வேண்டியதும் அதுதானே? ஒன்றின் தனி விளைவுக்கு ‘முதன்மைத் தாக்கம்’, இதற்கு ‘இடைத்தாக்கம்’ என்று ஒரே குடும்பமாகவும் அமையும்.

கூடவே இரண்டு சின்ன விஷயம். ‘சுற்றுச்சூழல்’ வேண்டாம், ‘சூழல்’ போதும் என்று முடிவு செய்திருக்கிறோம். சுற்றுச்சூழல் என்றதும் ஆலைப்புகையும் மரம் நடுவதும்தான் மனதில் வருகின்றன. இந்தத் துறையில் சூழல் என்றால் பீடி, சாப்பாடு, வெயில், வைரஸ், வேலை, பிள்ளை பெற்ற வயது, எல்லாமே. அப்புறம், ‘வெளிப்பாடு’ என்ற சொல் இரண்டு இடத்தில் மோதுகிறது. மரபணு செயல்படுவதையும் மரபணு வெளிப்பாடு என்கிறோம், புகை நம் மீது படுவதையும் புகை வெளிப்பாடு என்று எழுதுகிறார்கள். பின்னதை ‘ஆட்படல்’ என்று மாற்றலாமா? ‘புகைக்கு ஆட்படல்’, ‘வெயிலுக்கு ஆட்படல்’. கருத்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
கோவையிலிருந்து

———

அன்பின் தங்கச்சி,

உங்கள் மடலை இரண்டு தரம் வாசித்தேன். மஞ்சளும் சுண்ணாம்பும் நல்லாய் விளங்கியது. நான் யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். ஆகையால் எங்கள் பக்கத்து நிலைமையைச் சொல்ல வேண்டும்.

‘இடைத்தாக்கம்’ எங்கள் சொல்தான். அதை நீங்கள் எடுத்துக்கொள்வது எனக்குச் சந்தோசம். ஆனால் நீங்கள் ‘இடைவினை’யைத் தள்ளிவைத்த அதே காரணம் இங்கே ‘தாக்க’த்துக்கும் இருக்கிறது. எங்களுக்கு இரசாயனத் தாக்கம் என்றால் உங்கள் வேதிவினை. தாக்கவீதம் என்றால் அது நடக்கும் வேகம். ‘மரபணு–சூழல் இடைத்தாக்கம்’ என்று எங்கள் பிள்ளையிடம் சொன்னால், உங்கள் பிள்ளை ‘இடைவினை’யைக் கேட்டு எதை நினைக்குமோ அதைத்தான் நினைக்கும். உங்களுக்குத் தெளிவான சொல் எங்களுக்குக் கலங்கல், எங்களுக்குத் தெளிவான சொல் உங்களுக்குக் கலங்கல்.

மரபணுவையும் நாங்கள் பரம்பரையலகு என்றுதான் படிப்பித்தோம். ஆனாலும் இப்போது பத்திரிகைகளில் மரபணு என்று வருவதால் அது பிரச்சினை இல்லை, எல்லோருக்கும் விளங்கும்.

இலக்கணத்திலும் இதேமாதிரி ஒன்று இருக்கிறதே என்று யோசித்தேன். நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது சில இடத்தில் ஒன்றும் மாறாது: மண் + மலை, மண்மலை. சில இடத்தில் மாறும்: மண் + குடம், மட்குடம். ணகரம் டகரமாகத் திரிந்தது யாரால்? மண்ணாலும் இல்லை, குடத்தாலும் இல்லை. மண்ணுக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வருகிறது என்பதால். ‘புணர்ச்சி’ என்ற சொல்லை இந்தக் காலத்தில் கையேட்டில் போட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கருத்து நம்மிடம் பழசு என்று சொல்ல வந்தேன். ‘ஆட்படல்’ நல்ல சொல். அப்படியே பாவியுங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து

———

அன்புள்ள டீச்சர்,

மட்குடத்தை நான் மறக்கவே மாட்டேன். அனுமதித்தால் அத்தியாயத்தின் முதல் பக்கத்திலேயே வைக்கிறேன். மண்மலை, மட்குடம் இரண்டையும் அடுத்தடுத்து.

நீங்கள் சொன்ன பிறகு ‘இடைத்தாக்கம்’ என்று என்னால் எழுத முடியவில்லை. இரண்டு கரையிலும் ஒரே பொருள் தராத சொல்லை வைத்து என்ன செய்வது? நேற்று இரவு உட்கார்ந்து யோசித்தபோது ஒன்று தெரிந்தது. நாம் எல்லாரும் ஆங்கிலச் சொல்லைத் துண்டாக்கி, ‘இன்டர்’ என்றால் இடை, ‘ஆக்ஷன்’ என்றால் வினை அல்லது தாக்கம் என்று ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை விட்டுவிட்டு, இந்தச் செய்தியைத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொன்னால் எப்படிச் சொல்வோம் என்று எழுதிப் பார்த்தேன்.

‘புகையின் விளைவு, ஒருவருடைய மரபணு வகையைச் சார்ந்திருக்கிறது.’

இதில் ஒரு சொல்லைக் கூட யாருக்கும் விளக்க வேண்டாம். ‘விளைவு’ கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் ஒன்றுதான். மாத்திரைக்குப் பக்கவிளைவு உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். விதையும் மண்ணும் சேர்ந்தால்தான் விளையும் என்பதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. ‘சார்’ என்பதும் இரண்டு பக்கமும் புழங்குகிறது. ஆகவே வாக்கியத்தையே சுருக்கினேன்: சார்விளைவு. மரபணு–சூழல் சார்விளைவு. ஒன்றன் விளைவு மற்றதைச் சார்ந்து நிற்பது.

‘இடைவிளைவு’ என்றும் ஒரு கணம் வைத்துப் பார்த்தேன். அது காரணத்துக்கும் நோய்க்கும் நடுவில் வரும் கட்டத்தைச் சொல்வதுபோல் கேட்கிறது. அதற்கே தனியாக ஒரு சொல் வேண்டியிருக்கும், எனவே விட்டுவிட்டேன்.

கட்டிய சொல்லை எனக்குத் தெரிந்த உதாரணங்களில் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கிழக்கு ஆசியாவில் பலருக்கு மது குடித்ததும் முகம் சிவக்கும். ஏ.எல்.டி.எச்.2 என்ற மரபணுவின் ஒரு வகை, மதுவிலிருந்து வரும் அசெட்டால்டிஹைடை முறிக்கத் திணறுவதுதான் காரணம். இந்த வகையைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றின் இடர் மிகவும் கூடுகிறது. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு ஒரு வாய் குடித்தாலே உடம்பு தாங்காது. அதனால் பெரும்பாலும் குடிப்பதே இல்லை, அந்த இடரும் அவரை அணுகுவதில்லை. ‘மதுவுக்கும் இந்த மரபணுவுக்கும் சார்விளைவு உண்டு’: நிற்கிறது.

அப்புறம், திரிந்தால் மார்பகப் புற்றின் இடரைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக்கள். நியூயார்க்கில் மேரி-கிளேர் கிங் குழுவினர் 2003இல் வெளியிட்டது. திரிந்த பி.ஆர்.சி.ஏ. மரபணு உள்ள அஷ்கனாசி (ஐரோப்பிய வழி வந்த) யூதப் பெண்களில், 1940க்கு முன் பிறந்தவர்களுக்கு 50 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் இடர் 24 சதவீதம். 1940க்குப் பின் பிறந்தவர்களுக்கு 67 சதவீதம். மரபணு அதேதான், வாழ்ந்த காலம்தான் வேறு. இளவயதில் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் உடல் பருமன் இல்லாதவர்களுக்கும் நோய் தள்ளி வந்தது. அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் எழுதியாயிற்று என்று கலங்கும் பெண்களுக்காக இந்த இரண்டு எண்களையும் கையேட்டில் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். இங்கும் ‘சார்விளைவு’ இடறாமல் வருகிறது.

சித்தப்பா கேட்ட ‘பாதி பாதி’க்கும் பதில் எழுத வேண்டியிருந்தது. ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளின் 44,788 ஜோடி இரட்டையரை வைத்து 2000இல் வந்த ஆய்வில், புராஸ்டேட் புற்றுக்கு மரபின் பங்கு 42 சதவீதம் என்று ஒரு எண் வரும். செய்திகளில் இதை அப்படியே எடுத்து, ஒருவருடைய நோயில் 42 சதவீதம் மரபு என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண் ஒரு மக்கள்தொகையில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றியது. ஒரு தனி ஆளின் கட்டியை வெட்டிப் பங்கு போட அதைப் பயன்படுத்த முடியாது. ஒரு வயலின் பரப்பில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பது போன்றது. ‘பங்கு’ என்ற சொல்லையே அந்த அத்தியாயத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

ஐயா இன்னும் ‘இடைவினை’தான் சரி என்று தனி மடலில் எழுதியிருக்கிறார். இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் அது அப்படியே இருக்கட்டும் ஐயா. இரண்டு பொருள்கள் நேரடியாக ஒன்றோடொன்று மோதிச் செயல்படும் இடத்தில் அதைவிட நல்ல சொல் இல்லை. நோய்ப்பரவலியல் கணக்குக்கு மட்டும் சார்விளைவு என்று கேட்கிறேன்.

கையேட்டில் இப்போது அந்த வரி இப்படி நிற்கிறது: ‘புகை எல்லாருக்கும் கெடுதல். சிலருடைய உடல் அதன் நச்சை மெதுவாக முறிக்கும். அவர்களுக்கு அதே புகை இன்னும் அதிகக் கெடுதல் செய்யும். ஒன்றன் விளைவு இப்படி மற்றதைச் சார்ந்து மாறுவதை மரபணு–சூழல் சார்விளைவு என்கிறோம்.’

டீச்சர், உங்கள் பழைய மாணவர்கள் யாராவது இருந்தால் இந்த நாலு வரியை வாசிக்கச் சொல்லி, எந்த இடத்தில் நின்றார்கள் என்று மட்டும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன். அவரிடமும் இதை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.

அன்புடன்,
கோவையிலிருந்து